300 மருந்துப் பெயர்களும் ஒரு மஞ்சள் சுவரும்

(வார்டில் பல ஆண்டுகளும் அதன்பின் நர்சிங் வகுப்பறையில் சில ஆண்டுகளும் கழித்து ஓய்வுபெற்ற சிஸ்டர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: சிஸ்டர், நான் நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பள்ளியில் நன்றாகப் படித்தவள்தான். ஃபார்மகாலஜி மட்டும் என்னை அழவைக்கிறது. 300 மருந்துகள் கொண்ட ஒரு பட்டியலைக் கொடுத்து மூன்று வாரத்தில் தேர்வு என்று சொல்லிவிட்டார்கள். அகர வரிசையில் படிக்க ஆரம்பித்தேன். 'சி' வரிசைக்கு வருவதற்குள் 'ஏ' வரிசை மறந்துவிடுகிறது. போன தேர்வில் 100-க்கு 31. மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வார்டுக்குள் போகவே கை நடுங்குகிறது. இந்தப் படிப்பு எனக்கு ஒத்துவராதோ?
- பெயர் வேண்டாம் சிஸ்டர்

பதில்: 31-ஆ? என்னைவிட எட்டு மதிப்பெண் கூடுதல். ஃபார்மகாலஜி முதல் தேர்வில் நான் வாங்கியது 23. அந்த விடைத்தாளைத் தலையணை உறைக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு ஒரு வாரம் அதன் மேலேயே படுத்துத் தூங்கினேன். அதனால் ஒத்துவருமா வராதா என்ற கேள்வியை மூட்டை கட்டி ஓரமாக வை. வேலையைப் பார்ப்போம். உன்னை நீ என்றே சொல்கிறேன், என் மாணவிகளை அப்படிச் சொல்லித்தான் பழக்கம்.

முதலில் அந்தப் பட்டியலை மடித்து உள்ளே வை. அகர வரிசை மருந்தாளுநரின் அலமாரிக்குச் சரி, நர்ஸின் மண்டைக்குச் சரிப்படாது. 'ஏ' வரிசையில் அமிகாசின், அமியோடரோன், அமிட்ரிப்டிலின், அம்லோடிபின் நான்கும் அடுத்தடுத்து நிற்கும். முதலாவது கிருமியைக் கொல்வது. இரண்டாவது தாறுமாறாக ஓடும் இதயத் துடிப்பை ஒழுங்குபடுத்துவது. மூன்றாவது மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும். நான்காவது பிபிக்கு. ஒரே இனிஷியல் கொண்ட நான்கு பேர் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைப் போலத்தான் இது. அவர்களுக்குள் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அப்படிப் படித்தால் குழம்பாமல் என்ன செய்யும்?

டிகாக்ஸின் என்ற இதய மருந்தை நான் கற்றுக்கொண்ட கதையைச் சொல்கிறேன். மூன்றாம் ஆண்டு, காலை எட்டு மணி மருந்து. இதயம் பலவீனமாகிப் படுத்திருந்த ஒரு பெரியவர். இரண்டு நாளாகச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிக்கொண்டே இருந்தார். "பாப்பா, சுவரெல்லாம் மஞ்சளா தெரியுதே, பெயின்ட் அடிச்சாங்களா?" என்று கேட்டார். வயதாகிவிட்டது, பாவம் என்று நினைத்துச் சிரித்துவிட்டு மாத்திரையை அவர் உள்ளங்கையில் வைத்தேன். பின்னாலிருந்து ஒரு கை நீண்டு அதை எடுத்துக்கொண்டது. சீனியர் சிஸ்டர். திட்டவில்லை. தன் ஸ்டெதஸ்கோப்பை என் காதில் மாட்டி, மறுமுனையைப் பெரியவரின் மார்பில் வைத்து, "ஒரு நிமிஷம் முழுசா எண்ணு" என்றார்.

எண்ணினேன். 46.

வயது வந்தவர்களுக்கு டிகாக்ஸின் கொடுக்கும் முன் ஒரு முழு நிமிடம் இதயத் துடிப்பை எண்ண வேண்டும், 60-க்குக் கீழே இருந்தால் மாத்திரையை நிறுத்தி வைத்துவிட்டு டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். படித்ததோடு சரி. அன்று ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியமும் குறைவு என்று வந்தது. அவருக்கு உடம்பில் தேங்கும் நீரை வெளியேற்றும் ஃப்ரூசமைடும் போய்க்கொண்டிருந்தது. அது சிறுநீரோடு பொட்டாசியத்தையும் அடித்துக்கொண்டு போய்விடும். பொட்டாசியம் குறைந்தால் டிகாக்ஸினின் பிடி இறுகும், அதே அளவு மருந்தே நஞ்சாகும். சாப்பாடு வேண்டாம் என்றதும் சுவர் மஞ்சள் என்றதும் அந்த நஞ்சின் அறிகுறிகள். வில்லியம் விதரிங் என்ற ஆங்கிலேய மருத்துவர் ஃபாக்ஸ்குளோவ் செடியின் இலையைக் கொடுத்து, நோயாளிகளுக்குப் பொருள்கள் பச்சையாகவும் மஞ்சளாகவும் தெரிகின்றன என்று 1785-லேயே எழுதி வைத்துவிட்டார். டிகாக்ஸின் அந்தச் செடி வகையிலிருந்து வந்ததுதான். இருநூறு வருடத்துக்கு முந்தைய எச்சரிக்கையைப் பெரியவர் தன் வாயாலேயே என்னிடம் சொல்லியிருக்கிறார், நான் சிரித்துவிட்டு மாத்திரையை நீட்டியிருக்கிறேன்.

பெரியவர் பிழைத்தார். நான் டிகாக்ஸினை மறக்கவே இல்லை. அதற்காக எந்த இரவும் கண்விழித்துப் படித்ததும் இல்லை.

உனக்குச் சொல்ல வந்தது இதுதான். வெறும் பெயராக இருக்கும் மருந்து மண்டையில் நிற்காது. ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு படுக்கை கொடு. நாளை டியூட்டியில் உனக்குக் கொடுத்திருக்கும் நோயாளியின் கேஸ் ஷீட்டைத் திற. அவருக்கு ஐந்து மருந்து போகிறதென்றால் அந்த ஐந்தை மட்டும் எடுத்துக்கொள். ஒரு நோட்டில் மருந்துக்கு ஒரு பக்கம். இவருக்கு இது எதற்கு, கொடுக்கும் முன் நான் எதைப் பார்க்க வேண்டும், கொடுத்த பிறகு என்ன நடக்கும், எப்போது கொடுக்காமல் நிறுத்திவிட்டுப் போனை எடுக்க வேண்டும். இந்த நான்குக்கும் உன் சொந்த வார்த்தையில் பதில் எழுது. மருந்து உடம்புக்குள் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஒரு வரி போதும். புத்தகத்தைப் பார்த்து எழுதாதே. படித்து மூடிவிட்டு எழுது, அப்புறம் திறந்து திருத்து.

மாதிரிக்கு ஃப்ரூசமைடையே எடுத்துக்கொள்வோம். எதற்கு? நுரையீரலிலும் காலிலும் நீர் கோத்திருக்கிறது, அதை வெளியேற்ற. முன்னால் எதைப் பார்ப்பது? பிபி, பொட்டாசியம் ரிப்போர்ட், காலை எடை. பின்னால்? நரம்பு வழியாகப் போட்டால் ஐந்து நிமிடத்தில் சிறுநீர் வர ஆரம்பிக்கும், மாத்திரை என்றால் ஒரு மணி நேரத்துக்குள். மாத்திரையின் வேலை ஆறு மணி நேரம் போல நீடிக்கும். லாசிக்ஸ் என்ற அதன் வணிகப் பெயரிலேயே அந்த ஆறு ஒளிந்திருக்கிறது என்பார்கள்: ஆங்கிலத்தில் 'லாஸ்ட்ஸ் சிக்ஸ்', ஆறு மணி நேரம் நீடிக்கும். இப்போது யோசி, இதை ஏன் ராத்திரி ஒன்பது மணிக்குக் கொடுக்கக் கூடாது? தள்ளாத வயதில் ஒருவர் இருட்டில் நான்கு தடவை கழிவறைக்கு நடந்தால் விழமாட்டாரா? "காலையில் கொடுக்கவும்" என்ற விதியை நீ மனப்பாடம் செய்யவே தேவையில்லை, அதுவாகவே வந்துவிடும். எப்போது நிறுத்துவது? பிபி இறங்கியிருந்தால், பொட்டாசியம் குறைந்திருந்தால், காதில் இரைச்சல் என்று நோயாளி சொன்னால். நரம்பில் வேகமாகத் தள்ளினால் காது பாதிக்கப்படும், அதனால் மெதுவாகத்தான் போட வேண்டும்.

இப்படி ஒரு நாளைக்கு மூன்று பக்கம் போதும். நான் இருந்த பொது மருத்துவ வார்டின் வண்டியில் தினமும் ஓடிய மருந்துகள் நாற்பதைத் தாண்டியதில்லை. அந்த நாற்பது உள்ளே போய்விட்டால் மிச்சமெல்லாம் அவற்றின் சொந்தக்காரர்களாக வந்து உட்காரும்.

சொந்தம் என்றதும் நினைவுக்கு வருகிறது. மருந்துகளின் பொதுப் பெயர்கள் கண்டபடி வைக்கப்பட்டவை அல்ல. உலக சுகாதார நிறுவனம் இதற்கென்றே ஒரு முறை வைத்திருக்கிறது, முதல் பட்டியல் 1953-ல் வெளியானது. ஒரே வகை மருந்துகளுக்கு ஒரே வால். மெட்டோப்ரோலால், அட்டெனோலால், ப்ரோப்ரனோலால்: 'லால்' என்று முடிந்தால் இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர், பல்ஸும் பிபியும் பார்க்காமல் கொடுக்காதே. ஆஸ்துமாக்காரருக்கு எழுதியிருந்தால் ஒரு தடவை கேட்டுவிட்டுக் கொடு. சர்க்கரை நோயாளி என்றால் இன்னும் கவனம். சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பை இந்த மருந்து மறைத்துவிடும், வியர்வைதான் காட்டிக்கொடுக்கும். அம்லோடிபின், நிஃபெடிபின் என்று 'டிபின்' வந்தால் கணுக்காலைப் பார், வீங்கியிருக்கலாம். பிபிக்கு 'சார்ட்டன்', கொழுப்புக்கு 'ஸ்டாட்டின்', வயிற்று அமிலத்துக்கு 'ப்ரசோல்' என்று நீயே ஒரு குடும்ப அட்டை தயார் செய்துகொள்.

எனக்குப் பிடித்த குடும்பம் 'ப்ரில்'. எனலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில். இந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளை கேப்டோப்ரில். அதன் பூர்வீகம் பிரேசிலில் இருக்கும் ஒரு விரியன் பாம்பின் விஷத்தில் இருக்கிறது. கடிபட்டவரின் ரத்த அழுத்தம் சரசரவென்று இறங்குவது ஏன் என்று ஆராயப் போய்த்தான் இந்த மருந்துக்கு வழி பிறந்தது. உடம்பில் ஒரு நொதி இருக்கிறது. அது ரத்த நாளத்தைச் சுருக்கும் பொருளை உருவாக்கும், கூடவே பிராடிகைனின் என்ற இன்னொரு பொருளை உடைத்தும் போடும். 'ப்ரில்' அந்த நொதியைக் கட்டிப்போடுகிறது. நாளம் தளர்கிறது, பிபி இறங்குகிறது. ஆனால் உடையாத பிராடிகைனின் சேர்ந்துகொண்டே போய்த் தொண்டையைச் சுரண்டுகிறது. அதனால்தான் சிலருக்கு வறட்டு இருமல். இருமல் தாங்காவிட்டால் டாக்டர் 'சார்ட்டன்' குடும்பத்துக்கு மாற்றுவார், அது பிராடிகைனின் பக்கம் போகாது. உதடோ நாக்கோ வீங்கினால் மட்டும் இருமலைப் போல உட்கார்ந்து யோசிக்க நேரமில்லை, உடனே நிறுத்தி உடனே கூப்பிடு. இரண்டு குடும்பமுமே பொட்டாசியத்தை ஏற்றிவிடும் என்பதையும் ஓரத்தில் எழுதிக்கொள்.

வாலைப் பார்த்து ஏமாறவும் இடமுண்டு. நிஸ்டாட்டின் கொழுப்பைக் குறைக்காது, பூஞ்சைக்கான மருந்து அது. அரிபிப்ரசோல் அமிலத்தைக் குறைக்காது, மனநல மருந்து. 'மைசின்' இன்னும் மோசம். அசித்ரோமைசின், வான்கோமைசின், ஜென்டாமைசின் மூன்றும் கிருமியைக் கொல்பவைதான், ஆனால் மூன்று வேறு குடும்பங்கள். நுண்ணுயிர்களிலிருந்து வந்த பரம்பரையைத்தான் அந்த வால் சொல்கிறது. ஜென்டாமைசின் என்றால் சிறுநீரகத்தையும் காதையும் கவனி. வான்கோமைசின் என்றால் குறைந்தது ஒரு மணி நேரம் மெதுவாக ஏற்று, இல்லையென்றால் முகமும் கழுத்தும் சிவந்துபோகும்.

கடைசியாக ஒன்று. எல்லா மருந்துக்கும் சம மரியாதை தேவையில்லை. பாண்டோப்ரசோலைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் கொடுக்க மறந்தால் நெஞ்சு எரியும். இன்சுலினில் தவறினால் உயிர் போகும். அதனால் இன்சுலின், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின், கடும் வலிக்கான மார்ஃபின், அடர் பொட்டாசியம் குளோரைடு இந்த நான்கையும் முதல் வாரத்திலேயே, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற மாதிரி படித்துவிடு. பொட்டாசியத்தை ஒருநாளும் நேராக நரம்பில் தள்ளக் கூடாது, கலந்து மெதுவாக மட்டும்தான். மார்ஃபினுக்கு முன் மூச்சை எண்ணு, 12-க்குக் கீழே என்றால் நிறுத்திவிட்டுச் சொல், அதற்கு முறிவு மருந்து நாலாக்ஸோன். ஹெப்பாரினுக்கு ப்ரோட்டமைன்.

கை நடுக்கத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். நடுங்கட்டும். நடுக்கமே இல்லாமல் வண்டி தள்ளுகிற மாணவியைக் கண்டால்தான் எனக்குப் பயம்.

கேள்வி: கணக்குதான் சிஸ்டர் என் எதிரி. மில்லிகிராம், மைக்ரோகிராம், சொட்டு... பரீட்சையில் பேப்பரைப் பார்த்ததும் மூளை அணைந்துவிடுகிறது.
- முதலாம் ஆண்டு மாணவன்

பதில்: தம்பி, சூத்திரம் ஒன்றுதான். தேவையானதைக் கையில் இருப்பதால் வகுத்து, அது எவ்வளவு திரவத்தில் இருக்கிறதோ அதால் பெருக்கு. 40 மி.கி. ஃப்ரூசமைடு வேண்டும், ஆம்பூல் என்ற ஊசி மருந்துக் குப்பியில் ஒரு மி.லி.க்கு 10 மி.கி. என்றால் 4 மி.லி. இதில் யாரும் தடுமாறுவதில்லை. அலகு மாறும் இடத்தில்தான் விழுகிறார்கள். டாக்டர் டிகாக்ஸின் 0.125 மி.கி. என்று எழுதியிருக்கிறார், கையில் இருப்பது 250 மைக்ரோகிராம் மாத்திரை. முதலில் இரண்டையும் ஒரே மொழிக்குக் கொண்டுவா. 0.125 மி.கி. என்பது 125 மைக்ரோகிராம். ஆக, பாதி மாத்திரை.

சொட்டுக்கு: மொத்த மி.லி.யை ஒரு மி.லி.க்கு எத்தனை சொட்டு என்பதால் பெருக்கி, நிமிடங்களால் வகு. 1000 மி.லி., 8 மணி நேரம், 20 சொட்டு செட் என்றால் 20,000-ஐ 480-ஆல் வகுக்க, 41.67. நிமிடத்துக்கு 42 சொட்டு. பொட்டலத்தில் 15 என்று போட்டிருந்தால் அதே டிரிப் 31 சொட்டு, ஆகவே செட்டைப் பார்க்காமல் கணக்குப் போடாதே. 60 சொட்டு மைக்ரோ செட்டில் ஒரு குறுக்கு வழி உண்டு: மணிக்கு எத்தனை மி.லி.யோ நிமிடத்துக்கு அத்தனை சொட்டு. 60-ஆல் பெருக்கி 60-ஆல்தானே வகுக்கிறோம்.

விடை வந்ததும் பேனாவை வைத்துவிட்டு, இது நடக்கிற காரியமா என்று கேட்டுப் பார். ஒரு வேளைக்கு ஏழு மாத்திரை, ஐந்து ஆம்பூல் என்று வந்தால் கணக்கு தவறியிருக்கப் பெரும்பாலும் வாய்ப்பு உண்டு. அரை என்பதை 0.5 என்று எழுது, வெறும் .5 என்று எழுதினால் புள்ளி மங்கி 5 ஆகிவிடும். ஒன்று என்பதை 1 என்று மட்டும் எழுது, 1.0 என்றால் யாராவது 10 என்று படிப்பார்கள். இன்சுலினுக்கு யூனிட் என்பதை ஆங்கில 'யூ' ஒற்றை எழுத்தாகப் போடாதே, 4 யூனிட் 40 ஆகத் தெரியும். யூனிட் என்று முழுதாக எழுது, சோம்பல் படாதே.

கேள்வி: மருந்துப் பெயர்கள் என் வாயில் நுழையவே மாட்டேன் என்கின்றன. ரவுண்ட்ஸில் தப்பாகச் சொன்னால் சக மாணவிகள் சிரிக்கிறார்கள். சொல்லாமலே சமாளித்துக்கொண்டிருக்கிறேன்.
- ஒரு வாசகி

பதில்: அந்தச் சமாளிப்பை மட்டும் விட்டுவிடு. துண்டு துண்டாக வெட்டிச் சொல்லிப் பார்: லி-வோ-தை-ராக்-ஸின். குளிக்கும்போது பத்து தடவை, யாருக்கும் கேட்காது. காலையில் வெறும் வயிற்றில் கொடுப்பது என்பதையும் அதே ராகத்தில் சேர்த்துவிடு.

சிரிப்பவர்களுக்கு ஒரு கதை சொல். ஒமெப்ரசோல் மருந்து அமெரிக்காவில் முதலில் லோசெக் என்ற பெயரில்தான் வந்தது. லோசெக்கும் லாசிக்ஸும் கையெழுத்திலும் காதிலும் ஒன்றாகக் குழம்பி, ஒன்றுக்குப் பதில் மற்றொன்று போக, 1990-ல் அங்கே பெயரையே ப்ரிலோசெக் என்று மாற்றினார்கள். டாக்டர்களும் மருந்தாளுநர்களும் தடுமாறிய இடம் அது. டோபமின், டோபுட்டமின் ஜோடியும் ஹைட்ராலசின், ஹைட்ராக்சிசின் ஜோடியும் இன்றைக்கும் ஆள்களை விழவைக்கின்றன. போனில் மருந்து சொன்னால் எழுதிக்கொண்டு, எழுத்துக்கூட்டித் திருப்பிச் சொல். ஆங்கிலத்தில் பதினைந்தும் ஐம்பதும் ஒரே மாதிரி கேட்கும், "ஒன்று, ஐந்து" என்று இலக்கமாகச் சொல்லிக் கேள். அவர் சலித்துக்கொண்டால் சலித்துக்கொள்ளட்டும்.

கேள்வி: என் மகள் விடிய விடிய மருந்துப் பாடத்தைப் படிக்கிறாள். மஞ்சள், பச்சை என்று கோடு போட்டே புத்தகம் நிறைந்துவிட்டது. தேர்வில் எல்லாம் மறந்துவிட்டது என்று அழுகிறாள். ஞாபக சக்திக்கு ஏதாவது மாத்திரை இருக்கிறதா?
- ஓர் அம்மா

பதில்: மாத்திரை வேண்டாம் அம்மா, தூங்கச் சொல்லுங்கள். கோடு போடுவது கைக்குத்தான் வேலை, மூளைக்கு இல்லை. ஹெர்மன் எபிங்காஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகத்தில் மறக்கிறது என்று அளந்து 1885-ல் வெளியிட்டார். (மருந்துப் பெயர்கள் அவருக்குக் கிடைத்திருந்தால் இன்னும் வசதியாக இருந்திருக்கும்.) முதல் ஒன்றிரண்டு நாளிலேயே பெரும்பகுதி போய்விடுகிறது, இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் பார்த்தால்தான் தங்குகிறது.

நீங்களே உதவலாம், நர்சிங் தெரிய வேண்டியதில்லை. அவளை அட்டைகள் எழுதச் சொல்லுங்கள், முன்பக்கம் மருந்து, பின்பக்கம் பதில். மூன்று பெட்டி வையுங்கள். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும், தவறினால் முதல் பெட்டிக்கே திரும்பும். முதல் பெட்டி தினமும், இரண்டாவது மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவது வாரம் ஒருமுறை. வேலை செய்துகொண்டே நீங்கள் அட்டையைக் காட்டிக் கேளுங்கள், அவள் புத்தகம் இல்லாமல் சொல்லட்டும். உங்களுக்குப் புரிகிற மாதிரி விளக்கச் சொல்லுங்கள். "எனக்குப் புரியல, இன்னொரு தடவை சொல்லு" என்று நீங்கள் கேட்கும் அந்த இடம்தான் அவளுக்கும் புரியாத இடமாக இருக்கும்.

கேள்வி: விழுங்க முடியாத நோயாளிக்கு எல்லா மாத்திரையையும் ஒன்றாகப் பொடித்து, மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் ரைல்ஸ் டியூபில் ஊற்றச் சொன்னார்கள். சரியா சிஸ்டர்?
- இறுதியாண்டு மாணவி

பதில்: இல்லை. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவரும் மாத்திரையைப் பொடித்தால் ஒரு நாள் மருந்தும் ஒரே நேரத்தில் இறங்கிவிடும். அட்டையில் பெயருக்குப் பின்னால் ஆங்கில எழுத்தில் எஸ்ஆர், எக்ஸ்ஆர், ஈஆர் என்று இருக்கிறதா பார். வயிற்றில் கரையாமல் குடலில் கரையும்படி பூச்சுப் போட்டதையும் பொடிக்கக் கூடாது. மருந்தாளுநரிடம் கேள், பெரும்பாலும் திரவமாகவோ வேறு வடிவமாகவோ கிடைக்கும். பொடிக்கக் கூடியது என்றால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கரைத்துக் கொடு. முதலில் குழாய் சரியான இடத்தில் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள். மருந்துக்கு முன்னும் பின்னும், ஒவ்வொரு மருந்துக்கும் நடுவிலும் தண்ணீர் விடு. இல்லையென்றால் குழாய் அடைத்துக்கொள்ளும், அதை மாற்றுகிற வேலையும் உன் தலையில்தான் விழும்.